கல்லீரல் புற்றுநோயின் மீள்வருகை: முன்கணிப்பின் வரலாறு

கல்லீரலின் சொந்த உயிரணுக்களில் தொடங்கும் புற்றை மருத்துவர்கள் ஹெப்பட்டோசெல்லுலர் கார்சினோமா என்பர். கட்டியை அறுவை செய்து முழுவதும் அகற்றிய பிறகும், ஐந்து ஆண்டுகளுக்குள் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, சில கணக்குகளின்படி நூற்றுக்கு எழுபது பேருக்கு, அது மீண்டும் தோன்றுகிறது. திரும்பி வந்தது பழைய புற்றின் எச்சமா, அல்லது புதிதாக முளைத்த வேறொரு புற்றா? இந்தக் கேள்வியிலிருந்தே மீள்வருகையை முன்கூட்டிக் கணிக்கும் முயற்சிகள் வளர்ந்தன.

நெடுங்காலம் இக்கேள்விக்கே இடமிருக்கவில்லை. 1888-இல் பெர்லினில் கார்ல் லாங்கென்பூக் கல்லீரலின் ஒரு பகுதியைத் திட்டமிட்டு அகற்றினார். அதன் பின்னும் பல பத்தாண்டுகள் அறுவை மருத்துவர்களின் அச்சமெல்லாம் இரத்தப்போக்கைப் பற்றியதாகவே இருந்தது. 1952-இல் பாரிசில் லோர்தா-ஜகோப் வலது மடலை முறைப்படி அகற்றிக் காட்டினார். ஹனோயில் டான் தட் துங் கல்லீரலை விரல்களால் பிரித்தெடுக்கும் முறையை வளர்த்தார். க்ளோத் குயினோ 1950-களில் கல்லீரலை எட்டுத் துண்டங்களாகப் பகுத்து வரைந்தார். நோயாளி மேசையிலிருந்து உயிரோடு இறங்குவதே வெற்றியாகக் கருதப்பட்ட காலம் அது.

முதல் தடயம் இரத்தத்தில் கிடைத்தது. கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரல் சுரக்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்னும் புரதம் பிறந்த பிறகு பெரிதும் குறைந்துவிடும். கல்லீரல் புற்றுள்ள எலிகளில் அது மீண்டும் சுரப்பதை 1963-இல் மாஸ்கோவில் அபெலெவ் குழு கண்டறிந்தது. அடுத்த ஆண்டே தத்தாரினோவ் மனித நோயாளிகளிலும் அதைக் கண்டார். சாங்காயில் தாங் சாவ்யோவின் குழு இச்சோதனையைக் கொண்டு அறிகுறி ஏதுமில்லாத சிறு கட்டிகளைத் தேடியது. அறுவைக்குப் பின் தாழ்ந்த அளவு மறுபடி உயர்ந்தால் புற்று திரும்பிவிட்டதென்று ஊகித்து இரண்டாம் முறையும் அறுவை செய்தது. ஆனால் எல்லாக் கட்டிகளும் இப்புரதத்தைச் சுரப்பதில்லை. மேலும் இது வந்துவிட்டதைச் சொல்லுமே தவிர, ஏன் வந்தது என்று சொல்லாது.

காரணத்தைத் தேடியவர்களுக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை. புற்றணுக்கள் அதன் நுண்கிளைகளுக்குள் புகுந்து அக்கம்பக்கத்தில் தங்கிவிடுகின்றன. இதை மனத்திற்கொண்டு, ஜப்பானில் மசதோஷி மக்குவுச்சி 1985-இல் ஒரு முறையை வெளியிட்டார். அறுவையின்போதே அல்ட்ராசவுண்ட் மூலம் கட்டிக்குச் செல்லும் கிளையைக் கண்டு அதில் நீலச்சாயம் செலுத்துவார்; சாயம் படிந்த பகுதி முழுவதையும் அகற்றுவார். எளிமையும் அழகும் உள்ள உத்தி. ஆனால் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு அவ்வளவு பகுதியை இழக்கக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது வழி அந்தச் சுருக்கமே. ஹெபடைட்டிஸ் பி, சி வைரசுகளால் நெடுநாள் புண்பட்ட கல்லீரல், புற்று விளையும் நிலம். ஒரு கட்டியை எடுத்துவிட்டாலும் நிலம் அப்படியே இருக்கிறது.

2000-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் ஓராண்டை எல்லையாகக் கொண்டு ஆரம்ப மீள்வருகையையும் பிந்திய மீள்வருகையையும் பிரித்தனர். 2003-இல் டோக்கியோவின் இமாமுரா குழு இரண்டு ஆண்டுகளை எல்லையாக வைத்தது. நுண்ணிய இரத்தக்குழாய்களில் புற்று ஊடுருவியிருத்தல், ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் மிகுதி, துண்ட அமைப்பைப் பின்பற்றாத அறுவை ஆகியவை ஆரம்ப மீள்வருகையோடு சேர்ந்து வந்தன. பிந்தியதோடு கல்லீரல் அழற்சியின் தீவிரம் சேர்ந்து வந்தது. இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது இரண்டு ஆண்டுக் கணக்கையே. ஆயினும் இது மனிதர் வகுத்த கோடுதான். இருபத்தைந்தாம் மாதத்தில் வரும் கட்டி புதியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதியில்லை.

எதிர்பாராத ஒரு சான்று 2008-இல் வந்தது. மருத்துவமனைகளில் மெழுகுக் கட்டிகளாகச் சேமிக்கப்பட்டிருந்த, சில இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட, திசுக்களிலிருந்து மரபணுச் செயல்பாட்டைப் படிக்க ஹோஷிதாவும் உடன் ஆய்வாளர்களும் முயன்றனர். புற்றுத் திசு நோயாளியின் ஆயுளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அதைச் சுற்றியிருந்த, புற்றில்லாத கல்லீரல்தான் சொன்னது. 82 ஜப்பானிய நோயாளிகளிடம் கண்ட 186 மரபணுக்களின் அடையாளம், அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகள் 225 பேரிடமும் பொருந்தியது. ஆனால் அது முன்னறிவித்தது பிந்திய மீள்வருகையை மட்டுமே. நிலத்தைச் சோதித்தால் நிலத்தின் கதைதான் தெரியும் போலும். ஆரம்ப மீள்வருகைக்குக் கட்டியையே பார்க்க வேண்டியிருந்தது.

அங்கேதான் சிக்கல். மிகுந்த எடையுள்ள தடயமான நுண்குழாய் ஊடுருவலை, கட்டி வெளியே வந்த பிறகு நோயியல் வல்லுநர் நுண்ணோக்கியில்தான் காண முடியும். எவ்வளவு அகற்றுவது, மாற்றுக் கல்லீரல் பொருத்துவதா என்ற முடிவுகளோ அதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டியவை. எம்.ஆர்.ஐ. படங்களில் கட்டியின் ஓரம் ஒழுங்கற்றிருப்பது போன்ற மறைமுகக் குறிகளைத் தேடும் ஆய்வுகள் இதனால்தான் பெருகின. 2018-இல் வெளியான 'எராசல்' கணிப்பு முறையும் இரண்டாக அமைந்தது. ஆறு மையங்களின் 3,903 நோயாளிகளைக் கொண்டு உருவான அது, பாலினம், அல்புமின்-பிலிருபின் அளவு, ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், கட்டியின் அளவு, எண்ணிக்கை ஆகியவற்றால் அறுவைக்கு முன் ஒரு மதிப்பெண் தரும். நுண்குழாய் ஊடுருவலையும் சேர்த்து அறுவைக்குப் பின் இன்னொன்று தரும்.

கணித்த பிறகு நோயாளிக்குச் செய்வது என்ன? பார்சிலோனா மருத்துவர்கள் 2004-இல் துணிச்சலான விடை ஒன்றை முன்வைத்தனர்: நோயியல் அறிக்கை ஆபத்தைக் காட்டினால், புற்று திரும்பும்வரை காத்திராமல் அவரை மாற்றுக் கல்லீரல் பட்டியலில் சேர்த்துவிடலாம். தானக் கல்லீரல் அரிதான நாடுகளில் இது நடைமுறைக்குக் கடினம். மருந்துகளும் எளிதில் கைகொடுக்கவில்லை. அறுவைக்குப் பின் சொராஃபெனிப் கொடுத்துப் பார்த்த, 1,114 பேர் பங்கேற்ற ஆய்வு 2015-இல் பயனின்றி முடிந்தது. ஆபத்து மிகுந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடிசோலிசுமாப், பெவசிசுமாப் மருந்துகளைக் கொடுத்த ஆய்வு 2023-இல் நம்பிக்கை தந்தது. ஓராண்டில் மீள்வருகையின்றி இருந்தோர் நூற்றுக்கு 78 பேர். மருந்தின்றிக் கண்காணிக்கப்பட்டோரில் 65 பேர். 2024-இல் நீண்டகாலக் கணக்கு வெளியானபோது அந்த வேறுபாடு நிலைக்கவில்லை.

ஆகவே ஆபத்து மிகுந்தவர் என்று கணிக்கப்பட்டவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்யப்படுகின்றன. ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடர்கிறது.