கைக்கு எட்டாத பிடி: ஒரு லாங்-ஈஸி விபத்தில் காரணமும் துணைக் காரணியும்

1997 அக்டோபர் 12 மாலை, கலிஃபோர்னியாவின் பசிபிக் குரோவ் கரையோரம் ஒரு சிறு லாங்-ஈஸி விமானம் கடலில் விழுந்தது. அதில் தனியாகப் பறந்த பாடகர் ஜான் டென்வர் உயிரிழந்தார். அவர் சுமார் 2,700 மணி நேரம் பறந்தவர். ஆனால் இந்த வகை விமானத்துக்குப் புதியவர். மதுதான் காரணமோ என்ற பேச்சு எழுந்தது, ஆனால் உடற்கூறு ஆய்வில் மதுவின் தடயம் இல்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் திரட்டிய சான்றுகள், அவற்றிலிருந்து அது எடுத்த முடிவைவிட வலிமையானவை என்பதே என் வாதம்.

எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடியில்தான் சிக்கல். வடிவமைப்பாளர் பர்ட் ருட்டானின் வரைபடத்தில் அது விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கிறது. இந்த விமானத்தைக் கட்டியவரோ அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்தார். எரிபொருள் குழாய் விமானி அமரும் இடத்துக்குள் வரக்கூடாது என்பது அவர் எண்ணம். அதுவும் பாதுகாப்பு கருதியதே. ஆனால் பறக்கும்போது அந்தப் பிடியைத் திருப்ப, வலக்கையைக் கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து எடுத்து, தோள்வாரைத் தளர்த்தி, உடலை இடப்புறம் முழுக்கத் திருப்ப வேண்டும். வாரியத்தின் சோதனைக்காகத் தரையில் இதைச் செய்து பார்த்த விமானிகளின் வலக்கால் தானாகவே சுக்கான் மிதியில் ஊன்றியது. பிடியிலும் எரிபொருள் அளவுகாட்டியிலும் குறியீடுகள் இல்லை. புறப்படும் முன் டென்வரும் ஒரு தொழில்நுட்பரும் குறடு ஒன்றைப் பொருத்திப் பிடியை நீட்டிப் பார்த்தார்கள், அப்போதும் எட்டவில்லை.

1999இல் வாரியம் அளித்த முடிவில், பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி அறியாமல் வலது சுக்கானை மிதித்ததும், எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதும் காரணங்கள். பிடியின் இடமும் குறியீடின்மையும் போதாத பயிற்சியும் துணைக் காரணிகள். எரிபொருளைப் பொறுத்தவரை வாரியத்தோடு எனக்குப் பிணக்கில்லை. தொட்டிகளில் குறைவாக இருப்பது தெரிந்தும், ஒரு மணி நேரம்தானே பறக்கப்போகிறோம் என்று நிரப்ப மறுத்தது டென்வரின் முடிவு. சுக்கானை மிதித்தது அப்படியல்ல. அந்தப் பிடியை நோக்கித் திரும்பும் எந்த உடலும் செய்யக்கூடியது அது என்று வாரியத்தின் சோதனையே காட்டிவிட்டது. தரைக்குச் சில நூறு அடி உயரத்தில், எரிபொருள் குறைந்து இயந்திரம் ஓயும் நிலையில், அதைத் திருத்திக்கொள்ள அவகாசமும் இருந்திருக்காது. அப்படியிருக்க, காலின் அசைவைக் காரணம் என்றும், அதை உண்டாக்கிய பிடியின் இடத்தைத் துணைக் காரணி என்றும் பிரிப்பது சான்றுக்குப் பொருந்தவில்லை.

வீட்டில் கட்டப்படும் விமானங்களில் வடிவமைப்பாளரின் வரைபடத்திலிருந்து விலக, கட்டுபவருக்கு அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. எனவே இந்த வகைப்பாடு ஏட்டளவில் நிற்பதல்ல. காரணம் விமானியிடம் என்றால் தீர்வு பயிற்சி. காரணம் பிடியின் இடத்தில் என்றால், பறக்க அனுமதிக்கும் முன்பே அதைச் சோதித்துத் திருத்தச் செய்ய வேண்டும். வாரியம் பயிற்சியை வலியுறுத்தியதோடு, எல்லாக் கட்டுப்பாடுகளும் விமானிக்கு எளிதில் எட்ட வேண்டும் என்றும் வற்புறுத்தியது. பிடியின் இடம் வெறும் துணைக் காரணியாக இருந்திருந்தால், அந்த இரண்டாவது பரிந்துரைக்கு அத்தனை அழுத்தம் தேவைப்பட்டிருக்காது.