தேடிய தேட்டம்

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் பழைய காணி உறுதி ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நாலெல்லை எல்லாம் எழுதி முடித்த பிறகும் நொத்தாரிசுவின் பேனா ஓயாது. அந்தக் காணி இன்னாருக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதியாக வேண்டும்: முதுசமாகவா, சீதனமாகவா, தேடிய தேட்டமாகவா?

மூன்றில் முதலிரண்டும் வடமொழிக் கலப்புள்ளவை. முன்னோர் வழிச் சொத்தான 'முதுசொம்' தேய்ந்து முதுசம் ஆயிற்று. 'சொம்' என்றால் சொத்து, 'ஸ்வ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. சீதனம் 'ஸ்திரீதனம்'. தேட்டம் மட்டும் வீட்டுச் சொல். ஓடு ஓட்டம், ஆடு ஆட்டம், கூடு கூட்டம் என்பதுபோலத் தேடு தேட்டம். தமிழகத்தில் 'தேட்டம்' விருப்பத்தையும் குறிக்கும்; யாழ்ப்பாணத்தில் உழைத்துச் சேர்த்ததுதான் முதற்பொருள். 'நல்ல தேட்டக்காரன்' என்றால் அவன் கையில் காசு தங்குகிறது என்று அர்த்தம். பிரித்தானியாவில் வாழும் என். செல்வராஜா ஈழத்து நூல்களின் விவரப் பட்டியலைத் தொகுத்து 2002இல் முதல் தொகுதியை வெளியிட்டபோது அதற்கு 'நூல்தேட்டம்' என்றே பெயரிட்டார்.

இந்தச் சொல் சட்ட ஏட்டில் ஏறியது 1707இல். ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் உத்தரவுப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த திசாவை (மாகாண அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். அதுதான் தேசவழமை. 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயரும் அதை ஏற்றார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இந்த மூன்று சொல்லுக்கும் விளக்கம் எழுதினார்களே தவிர, சொல்லை மாற்றவில்லை. 'தெடியதெட்டம்' என்று ஒலி சிதைத்து எழுதிக்கொண்டார்கள், அவ்வளவே.

பழைய வழமைப்படி கணவன் கொண்டுவந்த முதுசம் ஆண்மக்களுக்கு. மனைவியின் சீதனம் பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகும். இருவரும் சேர்ந்திருந்த காலத்தில் தேடியது எல்லோருக்கும். இன்றைய முதலீட்டு ஆலோசகர், பணத்தை எதிலெதில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார். தேசவழமை கேட்பது, எங்கேயிருந்து வந்தது என்று. கேள்வி வேறென்றாலும் காரியம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒரு பக்கம் நட்டப்பட்டால் மறுபக்கம் மிஞ்ச வேண்டும்.

இதை 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இன்னும் இறுக்கிக் கட்டியது. மனைவியின் தனிச்சொத்து கணவனின் கடனுக்கு ஆளாகாது என்றது. அந்தச் சொத்தின் பராமரிப்புக்காகவோ பயிர்ச்செய்கைக்காகவோ பட்ட கடன் மட்டும் விலக்கு. இதில் ஒரு நுட்பம் உண்டு. சண்டிலிப்பாய் வயல் ஒருத்தியின் சீதனமாக இருக்கலாம். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு அந்த வயல் கொடுத்த இலாபம் தேட்டம். நிலம் ஒரு பெயரிலும் நெல்லுக் காசு இன்னொரு பெயரிலும் நிற்கும். கணவன் புகையிலையில் கையைச் சுட்டுக்கொண்டாலும் கடன்காரன் அந்த வயலின் வரம்பை மிதிக்க முடியாது.

இத்தனை கெட்டித்தனத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. முதுசமும் சீதனமும் தேட்டமும் பெரும்பாலும் ஒரே குடாநாட்டுக்குள், காணியாகவே கிடந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் வலிகாமப் பகுதியே ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது மூன்று பெயருக்கும் ஒரே கதிதான். தாலிக்கொடியும் காப்பும் மட்டுமே கூட வந்தன. பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது. அது வங்கியில் நிலையான வைப்பாக உட்கார்ந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, எல்லாவற்றையும் ரூபாயிலேயே வைத்திருந்தவர்களின் தேட்டமும் கரைந்தது. வந்த வழியைப் பிரித்த சொற்கள் வைத்த இடத்தைப் பிரிக்கவில்லை. அதைப் பிரிப்பது நம் பாடு.

அதற்காகப் பழைய வேலியை நாமே பிடுங்க வேண்டியதில்லை. கணவனின் வியாபாரக் கடனுக்கு மனைவி பிணைக் கையெழுத்துப் போட்டாலோ, சீதனக் காணியை அவளே ஈடு வைத்தாலோ, 1911இன் சட்டம் தந்த காப்பு கைவிட்டுப் போகும். அப்படி ஒரு பத்திரம் உங்கள் முன்னால் நீண்டால், பேனாவை எடுக்குமுன் உறுதியை எடுத்துக்கொண்டுபோய் நொத்தாரிசுவிடம் கேளுங்கள்: இது சீதனமோ, தேட்டமோ?