உறுப்பினர் யார்? – கட்சி அமைப்பின் வரலாற்றில் ஒரு வினா

அரசியற் கட்சிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் கொள்கைப் பிரகடனங்களையும் தலைவர்களின் வாழ்க்கையையுமே பற்றிச் செல்வர். கட்சி யாப்பின் தொடக்கத்திலே சுவையற்ற சட்ட நடையில் எழுதப்பட்டிருக்கும் உறுப்புரிமை விதியை நின்று நோக்குவோர் சிலரே. எனினும், கட்சியின் உறுப்பினர் யார் என்ற வினாவுக்கு ஒவ்வொரு கட்சியும் அளித்த விடையிலே, அக்கட்சி எத்தகைய அரசின்கீழ்ப் பிறந்தது என்பது பதிந்திருக்கக் காணலாம். பிரித்தானியா, ஜேர்மனி, ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரித்தானியாவின் பழைய கட்சிகள் பாராளுமன்றத்தினுள்ளே தோன்றிப் பின்னரே வெளியே வேர்விட்டன. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், வாக்குரிமை பெற்றோர் தம் பெயரை இடாப்பிற் பதிந்துகொள்ளல் வேண்டும் என விதித்தது. தம் ஆதரவாளரைப் பதிவிப்பதற்கும் எதிரணியினரின் பெயர்களுக்கு ஆட்சேபம் தெரிவிப்பதற்குமே தொகுதிகளிற் சங்கங்கள் எழுந்தன. 1867ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையை விரித்தபோது பேர்மிங்காம் நகருக்கு மூன்று ஆசனங்கள் கிடைத்தன. ஆனால் வாக்காளர் ஒருவருக்கு இரு வாக்குகளே வழங்கப்பட்டன. சிறுபான்மைக் கட்சிக்கு ஓர் ஆசனமாவது கிடைக்கட்டும் என்பதே சட்டம் இயற்றியோரின் எண்ணம். அந்நகரின் லிபரல் கட்சியினரோ வட்டாரந்தோறும் குழு அமைத்து, எந்த வட்டாரத்தார் எந்த இருவருக்கு வாக்களிப்பது என்பதைக் கணக்கிட்டுப் பங்கிட்டுக் கொடுத்தனர். 1868இல் மூன்று ஆசனங்களும் அவர்களுக்கே கிடைத்தன. 1877இல் உருவான தேசிய லிபரல் சம்மேளனத்துக்கு இந்நகரின் முறையே முன்மாதிரியாயிற்று. கட்சியைக் கட்டுப்படுத்துவதற்கென வகுக்கப்பட்ட சட்டமே அதனைக் கட்டுக்கோப்புடையதாக்கிற்று என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

தொழிற்கட்சியின் கதை வேறு. 1900இல் தொழிற்சங்கங்களும் சோஷலிசச் சங்கங்களும் கூடி அமைத்த அக்கட்சியில், 1918ஆம் ஆண்டு யாப்பு வரும்வரை, தனியொருவர் நேரடியாகச் சேர்வதற்கு வழி வகுக்கப்படவில்லை. சங்கத்தின் வழியாகவே சேர்தல் வேண்டும். 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசியற் சந்தாவைச் செலுத்த விரும்பாத தொழிலாளி அதனை எழுத்தில் அறிவித்து விலகிக்கொள்ளலாம். 1927இல் இம்முறை தலைகீழாக்கப்பட்டது. செலுத்த விரும்புபவரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்றாயிற்று. முப்பது இலட்சத்துக்கு மேலிருந்த சங்கவழி உறுப்பினர் தொகை ஏறக்குறைய இருபது இலட்சமாகச் சுருங்கிற்று. தொழிலாளர் உள்ளம் அதற்குள் மாறிவிட்டது எனக் கொள்வதற்கில்லை, மாறியது படிவமே.

ஜேர்மனியிலே வாக்குரிமை பரந்திருந்தது, அமைப்புரிமை ஒடுங்கியிருந்தது. 1878 முதல் 1890 வரை நிலவிய பிஸ்மார்க்கின் சோஷலிச எதிர்ப்புச் சட்டத்தின்கீழ்ச் சமூக சனநாயகக் கட்சியின் சங்கங்களும் ஏடுகளும் தடைசெய்யப்பட்டன. ஆயினும் அதன் வேட்பாளர் தேர்தலில் நிற்கலாம். கட்சியின் ஏடு சூரிச்சில் அச்சாகி எல்லை கடந்து கள்ளமாக வந்தது. தடை நீங்கிய பின்னரும் பிரஷ்யா முதலிய இராச்சியங்களின் சட்டங்கள் அரசியற் சங்கங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்வதைத் தடுத்தமையால், ஊர்தோறும் நம்பிக்கையாளர் ஒருவரை நியமித்தே கட்சி தன்னை இணைத்துக்கொண்டது. அத்தடை 1899இல் நீக்கப்பட்டது. 1905இல் யேனா மாநாடு சந்தா செலுத்தும் உறுப்பினரைக் கொண்ட மத்திய அமைப்பை வகுத்தது. 1914இல் உறுப்பினர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. சம்பளம் பெறும் செயலாளரும் பத்திரிகாசிரியரும் பெருகினர். சனநாயகத்தைப் போதிக்கும் கட்சியும் சிலராட்சியாகவே முடியும் என 1911இல் ரொபேட் மிஷெல்ஸ் எழுதியது பெரிதும் இக்கட்சியைக் கண்டே. அவர் கூற்றில் உண்மையுண்டு. ஆனால் அதனை எக்காலத்துக்கும் உரிய விதியாக்கியமை மிகையெனவே தோன்றுகின்றது.

ரஷ்யாவில் வாக்குரிமையும் இல்லை, அமைப்புரிமையும் இல்லை. 1903இல் பிரசெல்ஸ் நகரிற் தொடங்கி இலண்டனில் முடிந்த ரஷ்ய சமூக சனநாயகத் தொழிற்கட்சியின் இரண்டாவது மாநாட்டிலே, யாப்பின் முதல் விதி குறித்துப் பெரும் விவாதம் எழுந்தது. கட்சி அமைப்பொன்றிலே நேரிற் பங்குகொள்பவரே உறுப்பினர் என்றார் லெனின். கட்சி அமைப்பொன்றின் வழிகாட்டலில் ஒழுங்காக உதவுபவரும் உறுப்பினரே என்றார் மார்த்தோவ். வேறுபாடு சில சொற்களே; அச்சொற்களுக்காக நண்பர் பிரிந்தனர். 28க்கு 22 என்ற வாக்குகளால் மார்த்தோவின் விதியே நிறைவேறியது. ‘பெரும்பான்மையினர்’ எனப் பொருள்படும் பொல்சிவிக் என்ற பெயர் இவ்வாக்கெடுப்பால் வந்ததன்று. பின்னர் எழுவர் மாநாட்டைவிட்டு வெளியேறியமையால் வந்தது. 1906இல் ஸ்டொக்ஹோம் மாநாடு லெனினின் வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொண்டது.

இவ்விறுக்கத்தை லெனினின் சுபாவத்துக்கே உரியதாக்கிக் கூறுவோர் உளர். சாரின் பொலிசார் வாயிலில் நிற்கையில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து வைத்தல் இயலாது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஆனால் இவ்விளக்கமும் ஓரெல்லை வரையே செல்லும். 1917இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய அக்கட்சி, 1921இன் பத்தாவது மாநாட்டிலே உட்பிரிவுகளைத் தடைசெய்தது. பொலிசாருக்கு மறைந்து வாழ வகுத்த ஒழுங்கு, பொலிசார் தன் கைக்குள் வந்த பின்னர் தளராது மேலும் இறுகியது. ஓரமைப்பு பிறந்த காரணம் வேறு, அது நிலைத்த காரணம் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் வரலாற்றாசிரியர்க்கு ஆகாது.

இவ்வினா நம் நாட்டுக்கும் புதிதன்று. 1935இல் வெளிப்படையான கட்சியாகத் தோன்றி, மறுவருடமே அரசாங்க சபையில் இரு ஆசனங்களைப் பெற்ற லங்கா சமசமாஜக் கட்சி, 1940இல் தலைவர்கள் சிறைப்பட்டதும், 1941இல் இரகசியமாகக் கூடித் தன் யாப்பைத் திருத்தித் தேர்ந்த ஊழியரின் கட்சியாக மாறியது. யுத்தம் முடிந்து தடை நீங்கியபோது அக்கட்சியினர் இரு அணிகளாயினர். கதவைத் திறப்பதா, காப்பதா என்பது அவர்தம் பிணக்கின் ஒரு கூறாயிருந்தது. 1950இலேயே அவ்வணிகள் ஒன்றாயின. அப்போதும் பிலிப் குணவர்த்தன அதிற் சேராது வெளியே நின்றார்.