ஒரே கூரையின்கீழ் இரு பாடங்கள்: ராஃபிள்ஸ் கல்லூரியில் பொருளியலும் ஆசிரியர் கல்வியும்

ஓர் அறிவுத்துறையின் மொழி ஆராய்ச்சி நூல்களில்தான் உருவாகிறது என்று நாம் எண்ணுவதுண்டு. அதைவிட அது கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் வேர்கொள்கிறது எனலாம். நாளைய ஆசிரியர் அத்துறையின் அடிப்படைச் சொற்களை முதன்முதலாகக் கேட்பது அங்கேதான். இதற்கு நம் வட்டாரத்திலேயே சான்று உண்டு.

நவீன சிங்கப்பூரின் நூற்றாண்டு நினைவாகத் திட்டமிடப்பட்ட ராஃபிள்ஸ் கல்லூரி 1928இல் வகுப்புகளைத் தொடங்கியது. ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. ஆங்கிலம், வரலாறு, புவியியல், கணிதம் போன்ற பள்ளிப் பாடங்கள் அங்கு முதலிடம் பெற்றதில் வியப்பில்லை. பொருளியல் 1934இல்தான் வந்து சேர்ந்தது. 1938இல் டி. எச். சில்காக் அதன் பேராசிரியரானார். ஆசிரியப் பணியை நாடி வந்தோரும் அரசுப் பணியை நாடி வந்தோரும் ஒரே கூரையின்கீழ்ப் பயின்றனர்.

அதன் விளைவு பெரிது. 1939இல் அங்குப் பட்டயம் பெற்ற கோ கெங் சுவீ, பின்னர் அங்கேயே பொருளியல் பயிற்றுவித்தார். லீ குவான் இயூ அவரிடம் பயின்ற மாணவர். துன் அப்துல் ரசாக்கும் போருக்கு முன் அக்கல்லூரியில் பயின்றவரே. மலாயாவின் கல்விக் கொள்கைக்கு அடித்தளமிட்ட 1956ஆம் ஆண்டு அறிக்கை ரசாக்கின் பெயரைத் தாங்கியது. சிங்கப்பூர்க் கல்வி முறையை மாற்றியமைத்த 1979ஆம் ஆண்டு அறிக்கை கோ கெங் சுவீயின் தலைமையில் உருவானது. மாணவர் இடைநிற்றலையும் தேர்ச்சிக் குறைவையும் அவ்வறிக்கை 'கல்வி விரயம்' என்ற கருத்தில் அடக்கியது. பள்ளியைப் பொருளியலார் பார்க்கும் பார்வை அதில் தெளிவாகத் தெரிகிறது.

1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1950இல் சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தனியே எழுந்தது. பொருளியல் ஒரு பாதையிலும் ஆசிரியர் கல்வி பெரும்பாலும் வேறொரு பாதையிலும் சென்றன.

இவ்வரலாற்றில் தமிழ் எங்கே நின்றது? மலாய் ஆசிரியர்களுக்காகத் தஞ்சோங் மாலிமில் 1922இலேயே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி அமைந்தது. தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் பெருகியபோதும், போருக்கு முன் தமிழாசிரியர்களுக்கென அத்தகைய முழுநேரக் கல்லூரி அமையவில்லை. 1956இல் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தோன்றியது. அதன்வழித் தமிழ் கற்கப்படும் பொருளாகப் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தது; பிற துறைகளைக் கற்பிக்கும் கருவியாக நுழையவில்லை. இவ்வேறுபாட்டை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

தமிழால் பொருளியலைச் சொல்ல இயலாது என்பதன்று இதன் பொருள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பொருளியல் தமிழ்வழிப் பாடமாக நடைபெறுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் நாம் கைவிடும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பைத் தமிழ்நாட்டார் 'வாய்ப்புச் செலவு' என்பர். இலங்கையர் 'அமையச் செலவு' என்பர். தேவைக்கு ஏற்பப் பொருள் கிடைக்காத நிலையை இலங்கை நூல்கள் 'அருமை' என்கின்றன. 'அரிது' என்னும் பழஞ்சொல்லின் வேர் அதில் உயிரோடு இருக்கிறது. இன்று நாம் 'அருமை' என்றால் சிறப்பு என்றே கொள்கிறோம். கிடைத்தற்கு அரியதே சிறப்புடையதாயிற்று என்பதை இச்சொல்லே மாணவருக்கு விளக்கிவிடும்.

விலைவாசி, சேமிப்பு, வேலைவாய்ப்பு குறித்துத் தமிழ் வகுப்பில் நம் மாணவர்கள் கட்டுரை எழுதுகின்றனர்; வாய்மொழித் தேர்விலும் பேசுகின்றனர். அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் இச்சொற்களைத் தம் பயிற்சிக் காலத்திலேயே பெற்றிருத்தல் வேண்டும். தமிழாசிரியர் பயிற்சியில் பொருளியல் அறிமுகம் ஒரு சிறு பகுதியாகவேனும் இடம்பெற வேண்டும் என்பது நம் வேண்டுகோள். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்த அதே வகுப்பறையில், சந்தையையும் கூலியையும் தெளிந்த தமிழில் பேசும் தலைமுறை அப்போது உருவாகும்.