அமெரிக்கப் பெருமோட்டார் வண்டிகளும் அவைபற்றிய ஏக்கமும்

சென்ற காலத்தையே சிறந்த காலமெனக் கருதுதல் மக்கட்குப் பொதுவான இயல்பு. முதியோர் தம் இளமைக் காலத்து மழையையும் விளைவையும் புகழ்ந்து பேசுவர்; நாடுகள் தம் பேரரசுக் காலத்துக் கோட்டைகளையும் கோபுரங்களையும் போற்றிப் பேணும். இருபதாம் நூற்றாண்டிலே உலக வல்லரசாய் உயர்ந்த ஐக்கிய அமெரிக்காவில் மக்கள் இவ்வாறு போற்றும் பொருள்களுள் ஒன்று கோட்டையுமன்று, கோபுரமுமன்று; மோட்டார் வண்டியே அது. 1995 ஆம் ஆண்டில், டிட்ரோயிற் நகரை அடுத்த வுட்வார்ட் பெருந்தெருவிலே பழைய வண்டிகளை ஓட்டிச் செல்லும் விழாவொன்று தொடங்கிற்று. ஆகத்து மாதத்தில் நிகழும் அவ்விழாவைக் காணத் திரளும் கூட்டம் மிகப் பெரிது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஓடிய நீண்டு அகன்ற வண்டிகளைக் காணுந்தோறும் அமெரிக்க முதியோர் நெஞ்சம் நெகிழ்கின்றனர். அவர்தம் ஏக்கம் உண்மையில் எதனைக் குறித்தது? வண்டியையா, வண்டியை ஈன்ற காலத்தையா? இவ்வினாவை ஆராய்தல் வரலாறு பயில்வார்க்குப் பயன் தருவதாகும்.

முதற்கண் பெயரை நோக்குதல் தகும். இவ்வண்டிகளை இன்று 'முழு அளவு வண்டிகள்' என வழங்குவர். ஆயின், அவை செல்வாக்குடன் ஓடிய நாளில் அவற்றுக்கு அப்பெயர் இருந்ததில்லை. அமெரிக்கனுக்கு வண்டி என்றால் அவ்வளவினதே வண்டி. 1960 ஆம் ஆண்டினை அண்டிச் சிறிய வண்டிகளையும் அமெரிக்கக் கம்பனிகள் செய்யத் தலைப்பட்ட பின்னரே பெரியதனைப் பிரித்துக் கூற ஓர் அடைமொழி வேண்டப்பட்டது. தனியாட்சி செலுத்தும்வரை பெயர் வேண்டாத பொருள், அவ்வாட்சி தளரத் தொடங்கியபொழுது பெயர் பெற்றது. ஏக்கத்தின் வித்து அப்பெயரிலேயே உளதெனலாம்.

இவ்வண்டியின் தோற்றத்தை அறிய இருபதுகளுக்குச் செல்லல் வேண்டும். ஹென்றி போர்ட் என்பார் 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரி' மாதிரி வண்டி 1927 வரை செய்யப்பட்டது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலையினின்றும் வெளிப்போந்தன. அதன் விலை இடையறாது குறைந்து, 1925 ஆம் ஆண்டில் மிக மலிவான வகை 260 டொலருக்கு விற்கப்பட்டது. யாவர்க்கும் ஒரே வண்டி, மாறாத வண்டி, மலிவான வண்டி என்பதே போர்ட் கண்ட நெறி. 1923 இல் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் தலைவரான அல்பிரட் சுலோன் இதற்கு மாறான நெறியைக் கண்டார். செவ்ரோலே, பொண்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூயிக், கடிலாக் என ஏணிப்படிபோல் ஐவகை வண்டிகளை விலைமுறைப்படி அவர் ஒழுங்கு செய்தார். வருமானம் உயர உயர மனிதன் அப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறுவான் என்பது அவர் எண்ணம். அன்றியும், ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றும் வழக்கமும் அக்கம்பனியிலே வேரூன்றியது. நேற்று வாங்கிய வண்டி இன்று பழையதாகத் தோன்றுமாறு செய்வதே அவ்வழக்கத்தின் உட்கருத்து. எனவே, பின்னாளில் பழைமையின் சின்னமாகப் போற்றப்படும் வண்டிகள் யாவும் விரைவிற் பழைமையெய்தும்படி திட்டமிட்டுச் செய்யப்பட்டனவே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தோற்றத்தை மாற்றுந் தொழிலுக்கென 1927 இல் அக்கம்பனி ஒரு தனிப்பிரிவை அமைத்து, அதற்கு ஹார்லி ஏர்ல் என்பாரைத் தலைவராக்கியது. வண்டி நீளமாயும் தாழ்வாயும் இருத்தலே அழகு என்பது அவர் கொள்கை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பெப்புருவரியில் பொதுமக்களுக்கான வண்டி உற்பத்தி நிறுத்தப்பட்டது; போர் முடிந்த 1945 இல் மீண்டும் தொடங்கிற்று. போரிலே புகழீட்டிய பி-38 என்னும் இரட்டை வால் விமானத்தைக் கண்டு எழுந்த கற்பனை, 1948 ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியின் பின்புறத்தில் இரு சிறு வாற்சிறகுகளாக உருப்பெற்றது. பதினோராண்டுகளில், 1959 ஆம் ஆண்டுக் கடிலாக்கில், அச்சிறகுகள் உச்ச உயரத்தை அடைந்தன. அவ்வண்டியின் நீளம் 225 அங்குலம், அதாவது 18 அடி 9 அங்குலம். முன்னிருக்கையில் மூவரும் பின்னிருக்கையில் மூவருமாக அறுவர் நெருக்கமின்றி அமர்ந்து செல்லலாம். எட்டு உருளை இயந்திரமும், தானே வேகப்படி மாற்றும் பொறியும், மென்மையான விற்சுருள்களும் சேர்ந்து, வண்டி தெருவில் ஓடுகின்றதா மிதக்கின்றதா என்று ஐயுறச் செய்தன.

இத்தகைய வண்டியை வாங்கவும் ஓட்டவும் ஒரு நாட்டு மக்களால் இயன்றதற்குக் காரணங்கள் பல. போரினால் ஐரோப்பாவினதும் யப்பானினதும் தொழிற்சாலைகள் சிதைந்து கிடந்தன. அமெரிக்கத் தொழிற்சாலைகளோ குண்டொன்றும் விழாது நிலைபெற்றன. 1950 ஆம் ஆண்டில் உலகிலே உற்பத்தியான மோட்டார் வண்டிகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று அமெரிக்காவிற் செய்யப்பட்டவை. பெற்றோல் உள்நாட்டிலேயே பெருகிக் கிடைத்தது. ஐம்பதுகளில் ஒரு கலன் 30 சதத்தை அண்டியே விற்றது. 1950 இல் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்கும் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்துக்கும் ஏற்பட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம், வாழ்க்கைச் செலவுக்கேற்ப உயரும் கூலியையும் ஓய்வூதியத்தையும் தொழிலாளர்க்கு அளித்தது. இவ்வாறு வண்டியைச் செய்தவனே அதனை வாங்கவும் வல்லனாயினான். 1956 இல் சனாதிபதி ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டத்தின்படி 41,000 மைல் நீளமான பெருந்தெருக்கள் திட்டமிடப்பட்டன. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசு ஏற்றது. 1965 ஆம் ஆண்டில் செவ்ரோலே இம்பாலா என்னும் ஒரு வகை மாத்திரமே பத்து இலட்சத்துக்கு மேல் விலையாயிற்று. பெருவண்டி செல்வர்க்கே உரிய பொருளாயிருந்ததன்று, பொதுமக்களின் பொருளாயிருந்தது. அதன் பெருமைக்குக் காரணம் நீளமும் சிறகும் மாத்திரமல்ல. அந்நீளமும் சிறகும் தொழிலாளி வீட்டு முற்றத்திலும் நின்றமையே.

எனினும், அப்பெருமையின் நிழலில் தீமைகளும் வளர்ந்தன. 1965 இல் ரால்ப் நேடர் என்னும் வழக்கறிஞர் எழுதி வெளியிட்ட நூலொன்று, வண்டிகளின் அழகுக்குச் செலவிடும் கருத்தைக் கம்பனிகள் பயணிகளின் உயிர்க்குச் செலவிடவில்லை எனக் குற்றஞ்சாட்டியது. மறு ஆண்டிலேயே வண்டிப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1972 ஆம் ஆண்டில் மாத்திரம் தெரு விபத்துகளில் 54,000 இற்கு மேற்பட்டோர் அந்நாட்டில் மாண்டனர். நகரங்களின் வானம் புகையால் மங்கியதன் விளைவாக 1970 இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் உள்நாட்டு எண்ணெய் உற்பத்தியும் உச்சத்தை அடைந்து, பின் இறங்கத் தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவ்வுச்சம் மீண்டும் எட்டப்படவில்லை.

1973 ஒக்டோபரில் அராபிய நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. சில திங்களுள் ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை ஏறத்தாழ மூன்று டொலரிலிருந்து பன்னிரண்டு டொலரை அண்டி உயர்ந்தது. பெற்றோல் நிலையங்களின் முன் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. 1975 இல் இயற்றப்பட்ட சட்டம், ஒவ்வொரு கம்பனியின் வண்டிகளும் ஒரு கலன் பெற்றோலுக்குச் சராசரியாக இத்தனை மைல் ஓடல் வேண்டும் என விதித்தது. 1978 இற்கு 18 மைல் என்றும் 1985 இற்கு 27.5 மைல் என்றும் அளவு குறிக்கப்பட்டது. 1977 ஆம் ஆண்டுச் செவ்ரோலே முன்னாண்டு வண்டியினும் ஏறத்தாழப் பத்து அங்குலம் குறுகி, அறுநூறு இறாத்தலுக்கு மேல் எடை குறைந்து வெளிவந்தது. பெருவண்டியின் காலம் சட்டத்தாலும் சந்தையாலும் ஒருங்கே முடிவெய்திற்று.

ஆயினும், ஏக்கம் இம்முடிவுக்குப் பின்னர்த் தோன்றியதன்று. முடிவுக்குச் சற்று முன்னரே அது பிறந்துவிட்டது. 1962 ஆம் ஆண்டில் ஒரு கலிபோர்ணியச் சிறு நகரத்து இளைஞர் ஓரிரவு முழுவதும் வண்டியோட்டித் திரிவதைக் காட்டும் 'அமெரிக்கன் கிராபிற்றி' என்னும் திரைப்படம் 1973 ஆகத்தில் வெளிவந்தது. எண்ணெய்த் தடைக்கு அப்பொழுது இரு மாதங்களே இருந்தன. பதினோராண்டு முந்திய இரவே பொற்கால இரவாகிவிட்டது. வணிகரும் இவ்வேக்கத்தின் விலையை விரைவில் உணர்ந்தனர். 1976 இல், திறந்த கூரையுடைய கடிலாக் வண்டிகளுள் இதுவே இறுதியானது என்ற விளம்பரத்தோடு எல்டராடோ வண்டி விற்கப்பட்டது. பின்னாளிற் பெரும்பொருள் ஈட்டலாமென எண்ணி, ஓட்டாது மூடி வைத்தற்பொருட்டே பலர் அதனை வாங்கினர். 1984 இல் அக்கம்பனி மீண்டும் திறந்த கூரை வண்டியை விற்கத் தொடங்கிற்று. ஏமாற்றப்பட்டோம் என வழக்குத் தொடுத்தோரும் உளர்.

ஏக்கத்தின் இயல்பை விளக்கவல்ல நிகழ்ச்சி ஒன்று ஒக்கிளகோமா மாநிலத்துத் துல்சா நகரில் நிகழ்ந்தது. 1957 யூன் மாதத்தில், அம்மாநிலத்தின் ஐம்பதாண்டு நிறைவு விழாவின்போது, நகரத்தார் புத்தம் புதிய பிளிமத் பெல்வெடியர் வண்டியொன்றைக் கொங்கிறீற்று அறையிலிட்டு நிலத்திற் புதைத்தனர். ஐம்பதாண்டு கழித்துத் தோண்டியெடுத்து, 2007 இல் நகரின் சனத்தொகை எவ்வளவாகும் என்று சரியாக மதித்தவர்க்கு அதனைப் பரிசளிப்பது அவர் திட்டம். அக்காலத்திற் பெற்றோல் அருகிப்போகலாம் என்று கருதி, கலங்களிற் பெற்றோலையும் உடன் வைத்தனர். குறித்த நாளில் ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்து நிற்க அறை திறக்கப்பட்டது. உள்ளே நீர் புகுந்து நெடுங்காலம் தேங்கியிருந்தமையால் வண்டி முழுவதும் துருவேறிக் கிடந்தது. போட்டியில் வென்றவரோ பல்லாண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டார். பரிசு அவர் உறவினர்க்குச் சென்றது. பிளிமத் என்னும் பெயரும் 2001 இலேயே வழக்கொழிந்தது. பெற்றோல் இராதோ என்றஞ்சினர். பெற்றோல் இருந்தது, வண்டியும் வண்டி செய்தோரும் வென்றோனுமே இலர். காலத்தை அறையிலிட்டுப் பூட்டிக் காத்தல் இயலாதென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

ஏக்கம் சிலவற்றைப் பேணுதல்போலச் சிலவற்றை மறைக்கவும் செய்யும். பெருவண்டியிலே குடும்பத்தோடு நாடெங்கும் சுற்றிய இன்ப நாள்களைப் பலர் நினைவுகூருவர். அதே தெருக்களில், அதே வண்டிகளிற் சென்ற கறுப்பின மக்கள், தமக்கு உணவளிக்கும் கடை எது, படுக்க இடந்தரும் விடுதி எது என அறியத் தனி வழிகாட்டி நூலொன்றைக் கையிற் கொண்டே செல்ல வேண்டியிருந்தது. நியூயோர்க்கில் விக்ரர் கிறீன் என்பார் 1936 இல் வெளியிடத் தொடங்கிய அந்நூல், அறுபதுகளின் நடுப்பகுதி கடந்தும் வெளிவந்தது. வண்டிகள் பிறந்த டிட்ரோயிற் நகரிலேயே, பெருந்தெரு அமைத்தற்பொருட்டுக் கறுப்பின மக்களின் கடைவீதியான ஹேஸ்ரிங்ஸ் தெருவும் அதனைச் சூழ்ந்த குடியிருப்பும் அழிக்கப்பட்டன. ஒருவரின் பொற்காலம் மற்றொருவரின் இடர்க்காலமாகவும் இருத்தல் கூடும் என்பதை வரலாறு பயில்வார் மறத்தலாகாது. கடல் கடந்த கியூபாவிலோ, அவ்வண்டிகள் ஏக்கத்தாலன்றித் தேவையாலேயே உயிர் வாழ்ந்தன. 1959 புரட்சியின் பின் புதிய அமெரிக்க வண்டிகள் வருதல் நின்றமையால், இருந்தவற்றுக்கே சோவியத் வண்டிகளின் உறுப்புகளைப் பொருத்தி அந்நாட்டார் பல்லாண்டு ஓட்டினர். ஓரிடத்தில் விழாப் பொருளானது மற்றோரிடத்திற் பிழைப்புக்குரிய கருவியாயிற்று.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை காணலாம். ஏக்கம் வண்டியின் பருமனைக் குறித்ததாயின், அதற்கு இன்று இடமில்லை. டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டன் தொழிற்சாலை 1996 இல் செவ்ரோலே கப்பிரீஸ் என்னும் பெருவண்டியின் உற்பத்தியை முடித்துக்கொண்டது. அதன்பின் அத்தொழிற்சாலை உயரமான பெரும்பயண வண்டிகளைச் செய்யுமாறு மாற்றப்பட்டது. அங்கே செய்யப்படும் சபேர்பன் வண்டியின் 2021 ஆம் ஆண்டு வடிவம், 1959 ஆம் ஆண்டுக் கடிலாக்கினும் நீளத்திற் சற்றும் குறைந்ததன்று; எடையிலும் உயரத்திலும் அதனை விஞ்சுவது. பருமன் போய்விடவில்லை, வேறுருக் கொண்டு திரும்பி வந்தது. எனினும், அவ்வண்டியைக் கண்டு எவரும் கண்கலங்குவதில்லை. டிட்ரோயிற் நகரின் சனத்தொகையோ 1950 இல் 18 இலட்சத்துக்கு மேலிருந்து, 2020 இல் ஆறு இலட்சத்து நாற்பதாயிரத்தினும் குறைந்தது. 2009 இல் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியும், 2013 இல் அந்நகரமும் கடனிறுக்க இயலாது நீதிமன்றத்தை நாடின. ஆகவே, வுட்வார்ட் பெருந்தெருவில் நின்று நோக்கும் முதியவர் தேடுவது இரும்பையுமன்று, சிறகையுமன்று. பள்ளிப்படிப்பு முடிந்ததும் தொழிற்சாலையில் வேலை, சில ஆண்டுகளிற் சொந்த வீடு, முற்றத்தில் வண்டி, அடுத்த ஆண்டு இவ்வாண்டினும் நன்றாயிருக்கும் என்ற துணிவு ஆகிய இவற்றையே அவர் தேடுகின்றார். வண்டி அத்துணிவின் புறவடிவம்.

இத்துணிவு பொய்யன்று, மெய்யான கூலியின் மீதும் மெய்யான ஒப்பந்தத்தின் மீதும் எழுந்தது. முழுமையுமன்று, பலர்க்கு அது மறுக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பவனே வரலாற்று மாணவன். ஏக்கத்தை அறியாமையென்று தள்ளுபவன் ஒரு சாட்சியை இழக்கின்றான். அதனை அப்படியே நம்புபவன் அச்சாட்சியை வினவத் தவறுகின்றான். மக்கள் எதனை இழந்ததாகக் கூறுகின்றனர் என்பதைக் கேட்டு, உண்மையில் எதனை இழந்தனர், அதனை யார் ஒருபோதும் பெற்றிலர் என ஆராய்வதே வரலாற்றறிவின் கடமை.