பன்னிரண்டு மணி நேரமும் 26 உறுப்பினர்களும்: 2023ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு

தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறி, பத்தே நாளில், மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்த தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்தச்) சட்டமுன்வடிவு, தொழிற்சங்கங்களின் வெற்றியாகவோ ஆளுங்கட்சியின் பின்வாங்கலாகவோ மட்டுமே பேசப்பட்டு வருகிறது. ஆளும் கூட்டணிக்குள்ளேயே பிளவுபட்டு நின்ற ஓர் அவையில் சட்டத் திருத்தம் எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது என்பதையும் அந்நிகழ்வு காட்டுகிறது. அவையின் விவாதமோ வாக்கோ அதைத் தடுக்கவில்லை. வெளியே எழுந்த எதிர்ப்பும் அடுத்து வரவிருந்த தேர்தலின் கணக்குமே தடுத்தன; ஆகவே அத்தடைக்குச் சட்ட வடிவம் எதுவும் வாய்க்கவில்லை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வயதுவந்த தொழிலாளரின் வேலை நேரத்தை நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்து, வார விடுமுறையையும் இடைவேளையையும் கட்டாயமாக்கி, பரவல் நேரத்தை, அதாவது வேலை தொடங்குவது முதல் இடைவேளைகள் உட்பட முடிவது வரையுள்ள மொத்த நேரத்தை, பத்தரை மணிக்குள் நிறுத்தி, மிகைநேரத்துக்கு (ஓவர்டைம்) இருமடங்கு ஊதியம் விதித்தது. திருத்தம் புகுத்த முயன்ற 65-அ பிரிவோ, எந்தத் தொழிற்சாலைக்கும் அல்லது தொழிற்சாலை வகைக்கும் மேற்சொன்ன வரம்புகளை விதிக்கும் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து அறிவிக்கை வாயிலாக விலக்களிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்கியது. விரும்பும் தொழிலாளர் நாளுக்குப் பன்னிரண்டு மணி வீதம் நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம், வாரத்துக்கு 48 மணி என்னும் வரம்பு மாறாது என்று அரசுத் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது. ஆனால் வார வரம்பை வகுப்பதே 51ஆம் பிரிவுதான். விலக்களிக்கத்தக்க பிரிவுகளின் வரிசையில் முதலில் நின்றதும் அதுதான். அரசின் வாய்மொழி உறுதி சட்டத்தின் வாசகமாகிவிடாது. 2023 பிப்ரவரியில் இதையொத்த திருத்தத்தை நிறைவேற்றிய கர்நாடகம், 48 மணி வரம்பையும் தொழிலாளரின் எழுத்துமூல ஒப்புதலையும் சட்டத்துக்குள்ளேயே எழுதியிருந்தது. அத்திருத்தமும் கண்டனத்துக்குத் தப்பவில்லை என்றாலும், வரைவுத் தெளிவில் தமிழ்நாட்டுச் சட்டமுன்வடிவு அதற்கும் பின்தங்கியே இருந்தது.

இக்குறையைச் சுட்டித் திருத்தும் வாய்ப்பு அவைக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு எண்களில் விடை உண்டு. 234 இடங்களில் திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு 133 இருந்தன. பெரும்பான்மைக்கு 118 போதும். ஏப்ரல் 21 அன்று வெளிநடப்புச் செய்த தோழமைக் கட்சிகளான காங்கிரஸ் (18), விடுதலைச் சிறுத்தைகள் (4), இரு பொதுவுடைமைக் கட்சிகள் (தலா 2) ஆகியவற்றின் 26 உறுப்பினர்களும் எதிர்த்து வாக்களித்திருந்தாலும் சட்டமுன்வடிவு நிறைவேறியே இருக்கும். மேலவை 1986இல் ஒழிக்கப்பட்டுவிட்டதால் மறு ஆய்வுக்கு வேறோர் அவையும் இல்லை. சட்டமுன்வடிவைத் தெரிவுக் குழுவுக்கு, அதாவது பல கட்சி உறுப்பினர்கள் கூடி ஒவ்வொரு பிரிவாக ஆராயும் குழுவுக்கு, அனுப்பியிருக்கலாம், அனுப்பப்படவில்லை. குரல் வாக்கெடுப்பில் யார் எப்பக்கம் நின்றார் என்பது பதிவாவதில்லை என்பதையும், வெளிநடப்பு அக்குரலைக்கூட அவையிலிருந்து அகற்றிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தோழமைக் கட்சிகளின் எதிர்ப்பு அவைக் குறிப்பில் எவ்வளவு மெலிந்து போனது என்பது விளங்கும்.

அன்று காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவராக இருந்த கு.செல்வப்பெருந்தகை ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியின் உறுப்பினர் என்பது தற்செயல்தான். ஆயினும் பொருளுள்ள தற்செயல். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என நீளும் கார், கைபேசி, மின்னணு ஆலைகளின் பட்டை அச்சட்டம் முதலில் தொட்டிருக்கக்கூடிய நிலங்களில் ஒன்று. ஆனால் அங்கு உழைப்பவரும் அங்கு வாக்களிப்பவரும் பெருமளவில் ஒருவரல்லர். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் வாக்காளராகப் பதிய வேண்டும் என்கிறது. விடுதியில் தங்குவோர் பதிவதை அது தடுக்கவில்லை. எனினும் வெளிமாவட்டப் பெண்களும் வடமாநில ஒப்பந்தத் தொழிலாளரும் பெயரை ஊர்ப்பட்டியலிலேயே விட்டு வருவதே நடைமுறை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட, மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிலாளர் தங்குமிடம் ஒரு சிற்றூருக்கு நிகரானது. அத்தனை பேர் உறங்கும் அவ்வளாகம் எந்த வேட்பாளரையும் கவலைக்குள்ளாக்கும் வாக்குவங்கியாக இல்லை. இவர்களுக்கு அவையில் நேரடிப் பிரதிநிதித்துவம் இல்லாத நிலையில், அந்த இடத்தைத் தொழிற்சங்கங்களும் 2024 மக்களவைத் தேர்தலுக்குத் தி.மு.க.வுக்குத் தேவைப்பட்ட தோழமைக் கட்சிகளும் நிரப்பின. அவைக்குள் எண்ணத் தேவையற்றிருந்த 26 பேர், தொகுதிப் பங்கீட்டில் எண்ணத் தக்கவராயினர்.

ஏப்ரல் 24 அன்று தொழிற்சங்கங்களுடனான பேச்சுக்குப்பின் சட்டமுன்வடிவு நிறுத்திவைக்கப்பட்டது. சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய நூறாம் ஆண்டு நாளில், மே நாள் பூங்காவில் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. முடிவு நல்லது; முறை ஐயத்துக்குரியது. பேரவை நிறைவேற்றிய சட்டமுன்வடிவு ஆளுநரிடம் அளிக்கப்பட வேண்டும் என அரசமைப்பின் 200ஆம் உறுப்பு கூறுகிறது. மத்தியச் சட்டத்துக்கு முரண்படும் பகுதிக்கு 254(2)ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் தேவை. நிறைவேறியபின் அது அவையின் சொத்து. அதை மேடையிலிருந்து திரும்பப் பெறும் அதிகாரம் அமைச்சரவைக்கு உண்டா என்பது எளிதில் கடந்துவிடக்கூடிய வினாவன்று. ஆளுநர் சட்டமுன்வடிவுகளைத் தேக்கிவைப்பதற்கு எதிராகக் காலவரம்பு கோரி அதே பேரவை ஏப்ரல் 10 அன்றுதான் தீர்மானம் இயற்றியிருந்தது என்பதை நினைத்தால், அவையின் முடிவுக்குரிய மதிப்பு யார் கையில் குறைந்தாலும் குறைவே என்று சொல்லத் தோன்றுகிறது.

விளைவாக, பன்னிரண்டு மணி நேர வேலையை மறுக்கும் காரணங்கள் சட்டமாகவோ குழு அறிக்கையாகவோ பதிவாகவில்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் குறித்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் 25ஆம் பிரிவு நாளுக்கு எட்டு மணி நேரம் என்கிறது. இடைவேளையையும் பரவல் நேரத்தையும் உரிய அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிடுகிறது. அறிவிக்கை வெளியிடச் சட்டமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை.