அசைவிலிருந்து அளவுக்கு

1827ஆம் ஆண்டு அறிவியல் வரலாற்றில் குறிக்கத்தக்கதோர் ஆண்டாகும். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் மறைந்தார். அதே ஆண்டுக் கோடையில் ஸ்காட்லாந்துத் தாவரவியலார் இராபர்ட் பிரௌன், மகரந்தத்தினுள் இருந்த நுண்துகள்கள் நீரில் ஓயாது அலைவதை நுண்ணோக்கி வழியே கண்டார். முன்னவர் பெயர் தாங்கிய கணிதமும் பின்னவர் பெயர் தாங்கிய அசைவும் ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின் ஒரே ஆய்வுமேசையில் சந்தித்தன.

அவ்வசைவு நீர் மூலக்கூறுகளின் மோதலால் விளைவது என 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அதனைச் சோதனைகளால் மெய்ப்பித்த பெர்ரன் 1926இல் நோபல் பரிசு பெற்றார். சிறு துகள் விரைந்து அலையும். பெருந்துகள் மெல்ல அலையும். எனவே அசைவை அளந்து பருமனை அறியலாம் என்னும் வழி பிறந்தது.

1960இல் லேசர் தோன்றியபின், துகள்கள் மிதக்கும் நீர்மத்தில் அவ்வொளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியின் மினுக்கத்தை அளக்கலாயினர். ஒரு கணத்து மினுக்கத்துக்கும் பிந்திய கணத்து மினுக்கத்துக்கும் உள்ள தொடர்பு நேரம் செல்லச் செல்லத் தேயும். எல்லாத் துகள்களும் ஒரே பருமனாயின் தேய்வு ஒன்றே. பல பருமன்கள் கலந்திருப்பின் பல தேய்வுகள் கூடிவரும். அக்கூட்டைப் பிரித்து மூலங்களைக் காண்பதே லாப்லாஸ் உருமாற்றத்தின் நேர்மாறு.

இடர் இங்கேதான் எழுகிறது. 12 என்னும் கூட்டுத்தொகையை மட்டும் கண்டவர், அது 7உம் 5உமா, 8உம் 4உமா என்று கூறவியலுமா? 1956இல் லான்சோஸ் தம் நூலில் மூன்று தேய்வுகளைக் கூட்டி, இரு பதின்ம இடங்களுக்குச் சுருக்கிய 24 அளவுகளைத் தந்தார். அவற்றுக்கு இரண்டே தேய்வுகளின் கூட்டும் அவ்வாறே பொருந்திற்று! அளவீட்டின் கடுகளவுப் பிழை, விடையில் மலையளவாகிவிடுகிறது.

இதனை உணர்ந்த அறிஞர் தம் வினாவை அடக்கிக்கொண்டனர். 1972இல் கோப்பல், சராசரியையும் பரவலையும் போன்ற சிலவற்றை மட்டும் கேட்கும் முறையை வகுத்தார். 1982இல் பிராவென்சர் வெளியிட்ட ‘கான்டின்’ என்னும் கணிப்பொறி நிரல், அளவீட்டோடு முரணாத விடைகளுள் மிக எளியதைத் தேர்ந்தது. அதனால் நெருங்கிய இரு பருமன்கள் ஒன்றெனத் தோன்றவும் கூடும். ஆயினும், இல்லாத ஒன்றை உண்டெனச் சாதிக்கும் இடர் குறைந்தது.

பொருந்தும் விடையெல்லாம் மெய்விடை ஆகா. அளவீடு எவ்வளவு சொல்கிறதோ, அவ்வளவே சொல்லுதல் ஆய்வாளரின் அறம். கணக்கைக் கற்பிக்கும் நாம், மாணாக்கர்க்கு இவ்வறத்தையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.